ஜப்பானிய இராணுவமும் கெரில்லாப் போரும் (1868–1974): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபுசாராப் போர் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

சீருடைப் படைகள் நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து வேறு வழிகளில் நடத்தும் போர் எல்லாம் இதில் அடங்கும். கெரில்லாத் தாக்குதல், நாசவேலை, எதிரி நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுப்பது, எதிரிப் படையின் வீரர்களையே தன் பக்கம் இழுப்பது ஆகியவை ஒரு பக்கம். இப்படிப்பட்ட எதிரியை அடக்குவது மறுபக்கம். ஜப்பானைப் பொறுத்தவரை இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கெரில்லாப் போர் பற்றி அந்த இராணுவம் கற்றதில் பெரும்பகுதி, அது அடக்கப் போன மக்களிடமிருந்து கற்றதுதான்.

நிஞ்சாக்களிடமிருந்து வந்த மரபா இது?

இல்லை. இராணுவத்தின் உளவுப் பயிற்சி மையமான நகானோ பள்ளியில் ஃபுஜிதா செய்கோ என்ற நிஞ்சுத்சு ஆசிரியர் வகுப்பெடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பள்ளியின் பாடத்திட்டம் ஐரோப்பிய உளவு முறைகளையும், சீனாவிலும் மஞ்சூரியாவிலும் கிடைத்த அனுபவத்தையும் வைத்து அமைந்தது. நிஞ்சா கதையைச் சுற்றுலாத் துறையிடம் விட்டுவிடலாம்.

மெய்ஜி பேரரசரின் ஆட்சி தொடங்கிய காலத்தில் ஜப்பானியர்களே கெரில்லாக்களாக இருந்தார்களா?

இருந்தார்கள், கொஞ்ச காலம். சோஷூ பகுதியில் 1863-இல் தாகாசுகி ஷின்சாகு திரட்டிய கிஹெய்தாய் படையில் சாமுராய்களோடு விவசாயிகளும் பிற சாதாரண மக்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். 1868-இன் போஷின் உள்நாட்டுப் போரில் பேரரசரின் புதிய அரசை எதிர்த்த செந்தாய் பகுதியில் ஹொசோயா ஜூதயூ கூட்டிய ‘காகக் கூட்டம்’ இன்னும் சுவாரசியமானது. சூதாடிகளையும் வேட்டைக்காரர்களையும் சேர்த்து, கருப்பு உடை அணிவித்து, இரவில் முகாம்களுக்குள் புகுந்து வெட்டிவிட்டு ஓடுவதுதான் அவர்கள் வேலை.

1873-இல் கட்டாய இராணுவச் சேவை வந்ததும் இந்த மரபு அறுந்துபோனது. 1877-இல் சாமுராய்களைத் திரட்டி அரசை எதிர்த்த சைகோ தகமோரியின் சத்சுமா கிளர்ச்சியில் கிளர்ச்சிப் படைக்குக் கெரில்லாப் போருக்கு ஏற்ற மலைகள் இருந்தன, ஆதரவான மக்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் குமாமோத்தோ கோட்டையை முற்றுகையிட்டு, தபருசாகா மேட்டில் பதுங்குகுழிச் சண்டை போட்டு ஆள்பலத்தைக் கரைத்துக்கொண்டார்கள். கியூஷூ மலைகளுக்குள் சிதறி ஓடியது தோற்ற பிறகுதான். செப்டம்பர் 24 அன்று ஷிரொயாமா குன்றில் எல்லாம் முடிந்தது. பெரிய படையும் ஒரே தீர்மானமான மோதலும்தான் போர் என்ற எண்ணம் இதற்குப் பிறகு புதிய இராணுவத்தில் கெட்டிப்பட்டது. பிரஷ்ய ஆலோசகர்கள் வந்தபோது அது இன்னும் இறுகியது.

தைவானிலும் கொரியாவிலும் என்ன நடந்தது?

1895-இல் சீனாவிடமிருந்து ஒப்பந்தப்படி கிடைத்த தைவானைக் கைப்பற்றுவது எளிது என்று எதிர்பார்த்தார்கள். உள்ளூர் ஆயுதக் குழுக்கள் மூங்கில் புதர்களுக்குள்ளிருந்து சுட்டன. அந்தப் படையெடுப்பில் சண்டையில் இறந்த ஜப்பானியர்கள் இருநூறுக்கும் குறைவு. நோயால் இறந்தவர்கள் சுமார் 4,600 பேர். படைத்தலைவர்களில் ஒருவரான இளவரசர் கிதாஷிராகவாவும் அங்கேயே மலேரியாவில் மாண்டார்.

கொரியாவில் 1907 ஆகஸ்ட் 1 அன்று கொரிய இராணுவத்தைக் கலைத்தார்கள். கலைக்கப்பட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு மலையேறி ‘நீதிப் படைகள்’ எனப்பட்ட கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்துகொண்டார்கள். சம்பளம் பெறும் ஆயுதபாணிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஜப்பானின் பதில் நடவடிக்கைகள் இரண்டு. முதலாவது, 1908-இல் கொரியர்களையே சுமார் 4,000 பேர் வரை துணைக் காவலர்களாக இராணுவப் போலீசில் (கெம்பெய்தாய்) சேர்த்தது. இரண்டாவது, 1909 செப்டம்பர்–அக்டோபரில் தென்மேற்கு ஜொல்லா பகுதியைச் சுற்றி வளைத்து, ஊர் ஊராகச் சலித்து, போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடியும் சலித்தது. 1906–1911-இல் கிளர்ச்சியாளர்கள் 17,779 பேர் கொல்லப்பட்டதாகவும் தங்கள் பக்கம் 136 பேர் இறந்ததாகவும் ஜப்பானியக் கணக்கு சொல்கிறது. இந்த விகிதத்தைப் பார்த்தாலே இறந்தவர்கள் எல்லாரும் போராளிகளா என்ற சந்தேகம் வரும்.

அகாஷி மொதோஜிரோ தனி ஆளாக ரஷ்யப் புரட்சியை உண்டாக்கினாரா?

இந்தக் கதை ஜப்பானில் இன்றும் ஓடுகிறது, நம்ப வேண்டாம். கர்னல் அகாஷி ரஷ்யத் தலைநகரில் இராணுவத் தூதராக இருந்தவர். 1904-இல் போர் தொடங்கியதும் ஸ்டாக்ஹோமுக்கு மாறினார். சுமார் 10 லட்சம் யென் அவர் கைக்கு வந்தது. ஃபின்லாந்து எதிர்ப்பாளர் கொன்னி சில்லியாகுஸ் வழியாகப் பல கிளர்ச்சிக் குழுக்களோடு தொடர்பு வைத்துக்கொண்டார்.

பெரிய முயற்சி ‘ஜான் கிராஃப்டன்’ கப்பல். சுவிட்சர்லாந்தின் பழைய வெட்டெர்லி துப்பாக்கிகள் பதினைந்தாயிரத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டு பால்டிக் கடலுக்குள் வந்தது. இறக்கிக்கொள்ள வேண்டிய ஆட்களோடு சந்திப்பு தவறியது. கப்பல் கரையோரம் அலைந்து, 1905 செப்டம்பர் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் யாக்கொப்ஸ்டாட் அருகே பாறையில் ஏறி நின்றது. மாலுமிகளே வெடி வைத்து அதைத் தகர்த்தார்கள். அதே வாரம் போர்ட்ஸ்மவுத்தில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆயுதம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் போருக்குப் பயன்பட்டிருக்காது.

ரஷ்யாவை உலுக்கியது ரஷ்யாவின் சொந்தக் கோபம்தான். ஆனால் இராணுவத்துக்கு இந்தக் கதை தேவைப்பட்டது. அகாஷியின் அறிக்கை பின்னாளில் நகானோ பள்ளியில் பாடமானது. அவர் அடுத்துப் பார்த்த வேலையையும் சொல்ல வேண்டும்: கொரியாவில் கெம்பெய்தாய் தலைவராக அந்த நீதிப் படைகளை அடக்கியவர் இவர்தான்.

சைபீரியத் தலையீட்டை ஏன் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்?

வெட்கக்கேடாக முடிந்ததால். ரஷ்ய உள்நாட்டுப் போரில் தலையிட்டு 1918 முதல் 1922 வரை ஜப்பான் அங்கே இறக்கிய படை 70,000-ஐத் தாண்டியது. அமூர் பகுதியில் 1919 பிப்ரவரி இறுதியில் பார்ட்டிசான்களை (ரஷ்யக் கெரில்லாக்களை) துரத்திப் போன மேஜர் தனகாவின் படைப்பிரிவு யுஃப்தா அருகே ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. பனியில் சிறு குழுக்களாகப் பிரிந்து துரத்தியதுதான் பிழை. மார்ச் 22 அன்று இவானொவ்கா கிராமத்தை எரித்துப் பொதுமக்களைக் கொன்றார்கள். விளைவு, பார்ட்டிசான்களுக்கு ஆள் கூடியது. இதிலிருந்து முறையான கையேடு எதுவும் பிறக்கவில்லை. அதே தவறு வட சீனாவில் பன்மடங்காகத் திரும்பியது.

மஞ்சூரியாவின் ‘கூட்டுக் கிராமங்கள்’ எப்படி வேலை செய்தன?

ஜப்பானின் பிடியிலிருந்த மஞ்சூரியாவில் (வடகிழக்குச் சீனா) 1930-களின் நடுப்பகுதியிலிருந்து, சிதறிக் கிடந்த வீடுகளைக் காலி செய்து, எரித்து, சுமார் நூறு குடும்பங்களை ஒரே இடத்தில் குடியேற்றினார்கள். சதுர வடிவ மண் சுவர், வெளியே அகழி, நான்கு மூலைகளிலும் காவல் கோபுரம், ஆயுதம் ஏந்திய உள்ளூர்க் காவலர்கள், பொழுது சாய்ந்ததும் அடைக்கும் வாசல். யாரிடம் எவ்வளவு தானியம் இருக்கிறது என்பதற்கும் கணக்கு. கெரில்லாவுக்குப் போகும் சோறு, உப்பு, துணி, செய்தி ஆகிய நான்கையும் துண்டிப்பதுதான் நோக்கம்.

இராணுவ நோக்கில் பார்த்தால் இது பலித்தது. கொரிய எல்லைக்கு அருகே இயங்கிய கெரில்லாத் தலைவர் யாங் ஜிங்யூ 1940 பிப்ரவரி 23 அன்று தனியாகச் சுற்றி வளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். வயிற்றை அறுத்துப் பார்த்தபோது புல் வேர், மரப்பட்டை, உடையிலிருந்து பிய்த்த பஞ்சு ஆகியவைதான் இருந்தன என்று சொல்லப்படுகிறது. ஒரு பருக்கை இல்லை. அந்த ஆண்டின் முடிவுக்குள் கிம் இல் சுங் உட்பட மிஞ்சியவர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டார்கள்.

விவசாயிகளுக்கோ வயலுக்கும் வீட்டுக்கும் இடையே பல கிலோமீட்டர் நடை; தூரத்து நிலங்கள் தரிசாயின; நெருக்கத்தில் தொற்றுநோய் பரவியது. இந்த முறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு: மக்கள்தொகை அடர்ந்த வட சீனச் சமவெளியில் இதை அப்படியே நகலெடுக்க முடியவில்லை. 1940 ஆகஸ்ட் 20 அன்று சீனக் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது மார்க்கப் படை தொடங்கிய ‘நூறு ரெஜிமெண்ட்’ தாக்குதல், ரயில் பாதைகளையும் ஜிங்சிங் நிலக்கரிச் சுரங்கத்தையும் நாசம் செய்தது. அதன்பின் எடுத்த பழிவாங்கலைச் சீனர்கள் ‘மூன்று எல்லாம்’ என்று அழைத்தார்கள்: எல்லாரையும் கொல், எல்லாவற்றையும் எரி, எல்லாவற்றையும் கொள்ளையடி.

நகானோ பள்ளி என்பது என்ன?

இந்தத் துறையின் மையம் அதுதான். 1938-இல் தோக்கியோவின் குதான் பகுதியில் ‘பின்களப் பணியாளர் பயிற்சி நிலையம்’ என்ற சலிப்பூட்டும் பெயரில் தொடங்கியது. 1939-இல் நகானோவுக்கு மாறியது. 1940-இல் இராணுவ நகானோ பள்ளி ஆனது. அகிகுசா ஷுன், ஃபுகுமோத்தோ கமேஜி, இவாகுரோ ஹிதேயோ ஆகிய மூவர் முக்கியமானவர்கள். முதல் அணியில் தேறியவர்கள் 18 பேர். 1945-இல் மூடும்வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பயின்றார்கள்.

ஆள் தேர்வுதான் கவனிக்க வேண்டியது. இராணுவக் கல்லூரியில் வார்த்தெடுத்த அதிகாரிகளைத் தவிர்த்து, கல்லூரிப் படிப்பும் வெளியுலகப் பழக்கமும் உள்ள ரிசர்வ் அதிகாரிகளை எடுத்தார்கள். மொட்டைத் தலை கூடாது, முடி வளர்க்க வேண்டும். சீருடை இல்லை, கோட்டு சூட்டு. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தால் திட்டு. அந்தப் பழக்கமே வெளிநாட்டில் காட்டிக்கொடுக்கும். மொழி, புகைப்படம், பூட்டுத் திறப்பு, வாகனம் ஓட்டுதல், வெடி வேலை எல்லாம் கற்றார்கள். மொத்தப் படிப்பும் உளவு, எதிர் உளவு, பிரச்சாரம், மறைமுகச் சூழ்ச்சி என்று நான்கு பிரிவு.

இன்னொன்று: பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று 1941-இன் போர்க்கள நடத்தை விதி எல்லாச் சிப்பாய்க்கும் சொன்னது. நகானோவில் அதற்கு நேர்மாறு. சாகாதே, உயிரோடு இரு, வேலையைத் தொடர்ந்து செய்.

கருவிகள் வந்தது கவாசாகியிலிருந்த நொபோரிதோ ஆய்வுக்கூடத்திலிருந்து. கள்ளச் சீன நோட்டு முதல், காகிதமும் கொன்னியாக்கு என்ற கிழங்கின் பசையும் கொண்டு செய்த 10 மீட்டர் விட்டமுள்ள குண்டு பலூன்கள் வரை அங்கே உருவாயின. சுமார் 9,300 பலூன்கள் பறக்கவிடப்பட்டன. 1945 மே 5 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெண்ணும் 5 சிறுவர்களும் இறந்ததுதான் அவை வாங்கிய மொத்த உயிர்ப்பலி.

உண்மையில் எங்கே வெற்றி கிடைத்தது?

தென்கிழக்காசியாவில், 1941–42-இல். மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி 1941-இன் பிற்பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்களோடு பாங்காக் போனார். அவர் அமைப்புக்கு ‘எஃப் கிக்கான்’ என்று பெயர். பாங்காக்கிலிருந்த பிரீதம் சிங்கின் இந்திய சுதந்திரச் சங்கத்தோடு கைகோத்தார். டிசம்பரில் வட மலாயாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தபின், காட்டில் சிக்கியிருந்த பஞ்சாப் ரெஜிமெண்டின் கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டார் அருகே அவரிடம் வந்து சேர்ந்தார். சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷாரிடமிருந்து பிரித்து வைப்பது, அவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, இந்திய அதிகாரியையே அவர்களுக்குப் பொறுப்பாக்குவது: ஃபுஜிவாராவின் முறை இவ்வளவுதான். பிரிட்டிஷ் மெஸ்ஸில் இந்தியனுக்குக் கிடைக்காத மரியாதை அது. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க்கில் ஏறக்குறைய 45,000 இந்தியப் போர்க்கைதிகள் முன் அவர் பேசினார். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வடிவம் அங்கிருந்து பிறந்தது.

பர்மாவில் கர்னல் சுசுகி கெய்ஜியின் ‘மினாமி கிக்கான்’ ஆங் சான் உள்ளிட்ட ‘முப்பது தோழர்களை’ ஹைனான் தீவில் 1941-இல் பயிற்றுவித்து, அந்த டிசம்பரில் பாங்காக்கில் பர்மா விடுதலைப் படையைத் தொடங்கிவைத்தது.

பிறகு ஏன் எல்லாம் கெட்டது?

களத்திலிருந்த ஆள் கொடுத்த வாக்கைத் தோக்கியோ காப்பாற்றவில்லை. சுசுகி பர்மியர்களுக்காக அதிகம் பேசுகிறார் என்று 1942-இலேயே திருப்பி அழைத்தார்கள். ஃபுஜிவாராவுக்குப் பின் வந்த இவாகுரோ அமைப்போடு மோதி, அந்த டிசம்பரில் மோகன் சிங் கைதானார். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் இந்தியப் படை மீண்டும் எழுந்தது. மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். அதே தோட்டங்களிலிருந்து அதே ஜப்பானிய நிர்வாகம் பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றி அனுப்பிச் சாகவிட்டது. ஒரு கையால் விடுதலை பேசி மறு கையால் கூலி பிடித்தால் பிரச்சாரம் எத்தனை நாள் நிற்கும்?

பயிற்றுவித்த படைகளே துப்பாக்கியைத் திருப்பின. ஜாவாவில் நகானோ பட்டதாரி யனகாவா மொதொஷிகே போன்றோர் பயிற்சி தந்த பெத்தா தொண்டர் படை 1945 பிப்ரவரி 14 அன்று பிளிதாரில் கிளர்ந்தது. பர்மியப் படை மார்ச் 27 அன்று மாறியது.

ஜப்பானியர்களே கெரில்லாக்களாக மாறியது எப்போது?

தோற்கத் தொடங்கிய பிறகு. நியூ கினியா காடுகளில் தைவான் பழங்குடியினரான தகசாகோ தொண்டர்களின் காட்டுத் திறமையைப் பார்த்ததும், அவர்களை நகானோ அதிகாரிகளின் கீழ் ‘யூகெகிதாய்’ என்ற தாக்குதல் பிரிவுகளாக அமைத்தார்கள். அதில் இரண்டாவது பிரிவு, 1944 செப்டம்பர் 15 அன்று அமெரிக்கர்கள் மொரொதாய் தீவில் இறங்கியபோது அங்கே இருந்தது. சுமார் 500 பேர். எதிரே இறங்கியவர்கள் பல்லாயிரம் பேர்.

அதே செப்டம்பரில் ஷிசுஓக்கா மாவட்டத்தின் ஃபுதமதாவில் நகானோவின் கிளை திறந்தது. முதல் அணி 230 பேர் அளவில். பயிற்சி வெறும் மூன்று மாதம். தலைமைப் பள்ளியில் கற்றுத்தந்த மொழியும் அரசியலும் இங்கே கிடையாது. ஊடுருவு, வெடி வை, உயிரோடிரு, அவ்வளவே. பாடத்தில் வெட்டி எறியப்பட்டது உள்ளூர் மக்களோடு பழகும் பகுதி. கெரில்லாவுக்கு அதுதான் சோறு.

கிரெத்சு தாக்குதலைக் கெரில்லா நடவடிக்கையாக எண்ணலாமா?

அதிரடிப்படைத் தாக்குதல் என்பதே சரி. 1945 மே 24 இரவு கேப்டன் ஒகுயாமா மிச்சிரோ தலைமையில், நகானோ ஆட்கள் சிலரும் சேர்ந்து, 12 குண்டுவீச்சு விமானங்களில் குமாமோத்தோவிலிருந்து கிளம்பினார்கள். நான்கு திரும்பிவிட்டன. மற்றவை சுட்டு வீழ்த்தப்பட, ஒன்று மட்டும் ஒகினாவாவின் யொந்தான் விமானத்தளத்தில் சக்கரம் விரிக்காமல் வயிற்றால் உரசி இறங்கியது. அதிலிருந்து குதித்த பத்துப் பேர் அளவிலானவர்கள் 9 விமானங்களை அழித்து, இருபதுக்கு மேற்பட்டவற்றைச் சேதப்படுத்தி, 70,000 கேலன் எரிபொருளைக் கொளுத்தினார்கள். திரும்பி வர எந்த ஏற்பாடும் இல்லை. தளம் மறுநாளே இயங்கத் தொடங்கியது.

ஒகினாவாவில் சிறுவர்களை இறக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஒகினாவாவுக்கு 42 நகானோ பட்டதாரிகள் அனுப்பப்பட்டார்கள். 1944 இறுதியிலிருந்து தீவின் வட பகுதியில் இரண்டு பிரிவுகள் அமைந்தன. பதிவேட்டில் மூன்றாம், நான்காம் யூகெகிதாய். வெளியே ‘கொக்கியோதாய்’, அதாவது ஊர்க்காப்புப் படை. பெயரிலிருந்து எதிரி எதையும் ஊகிக்கக் கூடாது என்ற கணக்கு. தலைவர்கள் முராகாமி ஹருஓவும் இவானாமி ஹிசாஷியும். இருவருக்கும் இருபதுகளின் தொடக்கம். கீழே சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலோர் 14 முதல் 18 வயது. தன்னார்வம் என்று பெயர். மறுக்க முடிந்த பையன் அரிது.

தனோ மலையையும் ஒன்னா மலையையும் தளமாக்கி, பாலங்களைத் தகர்த்தார்கள், இரவில் அமெரிக்க முகாம்களுக்குள் புகுந்தார்கள். ‘பத்துப் பேரைக் கொன்றபின் சாகலாம்’ என்று மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். சுமார் 160 சிறுவர்கள் இறந்தார்கள். நடக்க முடியாத காயம்பட்டவர்களைத் தம் பிரிவினரே சுட்டதாக உயிர் பிழைத்தவர்கள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். முராகாமி மலையிலிருந்து இறங்கியது 1946 ஜனவரியில்.

தெற்கே ஹதெருமா தீவில் இன்னும் கொடுமை. ‘யமஷிதா’ என்ற பொய்ப் பெயரில் பள்ளி ஆசிரியராக வந்த நகானோ ஆள், 1945-இல் வாளை உருவி, தீவு மக்கள் அனைவரையும் மலேரியா மண்டிய இரியொமோத்தே தீவுக்குத் துரத்தினார். ஆடுமாடுகளைக் கொன்றுவிட்டுப் போக உத்தரவு. அமெரிக்கர்கள் ஹதெருமாவில் இறங்கவே இல்லை. தீவு மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மலேரியாவில் இறந்தார்கள்.

ஜப்பான் முழுவதையும் கெரில்லாக் களமாக்கும் திட்டம் இருந்ததா?

காகிதத்தில் இருந்தது. 1945 ஜூன் சட்டப்படி 15–60 வயது ஆண்களும் 17–40 வயது பெண்களும் தொண்டர் படைக்கு அழைக்கப்படலாம். ஆயுதம் மூங்கில் ஈட்டி. சில இடங்களில் பள்ளி மாணவிகளுக்குத் தோல் தைக்கும் தமரூசி. உணவுப் பங்கீடு குறைந்துகொண்டே வந்த நாட்டில், மலையில் ஒளிந்தவனுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு அந்தக் கையேடுகளில் பதில் இல்லை.

ஓனோடா ஹிரோ கெரில்லாவா, தப்பிப் பதுங்கியவரா?

உத்தரவுப்படி கெரில்லா, நடைமுறையில் இரண்டும். ஃபுதமதாவில் பயின்று 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு வந்தார். விமான ஓடுதளத்தையும் படகுத்துறையையும் தகர்க்க வேண்டியது அவர் வேலை. ஆனால் அங்கிருந்த அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை. அவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்குத் தரப்படவும் இல்லை. ஓடுதளம் தகரவில்லை.

பிறகு காட்டில் ஒளிந்திருந்தவர்கள் அவரோடு சேர்த்து நால்வர். அகத்சு 1949-இல் பிரிந்து மறு ஆண்டு சரணடைந்தார். ஷிமாதா 1954-இலும் கொசுகா 1972 அக்டோபரிலும் சுடப்பட்டு இறந்தார்கள். வாழைக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்ததும், திருடிய மாட்டின் இறைச்சியை உலர்த்தி வைத்ததும்தான் உணவு. துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய். 1974 மார்ச்சில் பழைய மேலதிகாரி தனிகுச்சி நேரில் வந்து உத்தரவை வாசித்தபின் வெளியே வந்தார். அரிசாகா துப்பாக்கி வேலை செய்யும் நிலையில் இருந்தது. கூடவே சுமார் 500 தோட்டாக்கள்.

உயிர்பிழைக்கும் பயிற்சி அசாத்தியமாகப் பலித்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் லுபாங் மக்களில் சுமார் முப்பது பேர் கொல்லப்பட்டார்கள். ஜப்பானில் வரும் வீரக் கட்டுரைகளில் இந்த எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்கலாம். குவாம் தீவில் 1972-இல் கிடைத்த யொகோயி ஷோய்ச்சியை இவரோடு குழப்ப வேண்டாம். அவர் சாதாரணப் படைப்பிரிவின் சார்ஜென்ட், எந்தக் கெரில்லா உத்தரவும் பெறாமல் ஒளிந்திருந்தவர்.

கடைசியாகக் கிடைத்தவர் ஓனோடாவும் அல்ல. 1974 டிசம்பரில் மொரொதாயில் பிடிபட்ட தகசாகோ வீரர் சுனியோன், ஜப்பானியப் பெயர் நகாமுரா தெருஓ. ஓனோடாவுக்கு வரவேற்பும் ஓய்வூதியமும் கிடைத்தன. ஜப்பானியக் குடியுரிமை இல்லாததால் நகாமுராவுக்குச் சட்டப்படி முதலில் கிடைத்தது சில்லறைத் தொகை. எதிர்ப்பு எழுந்தபின்தான் நன்கொடை சேர்ந்தது.

இன்றைய தற்காப்புப் படையில் இந்த மரபு தொடர்கிறதா?

நேரடியாக இல்லை. ரேஞ்சர் பயிற்சி 1950-களின் இறுதியில் அமெரிக்க முறையில் தொடங்கியது. நராஷினோவில் 2004-இல் அமைந்த சிறப்பு நடவடிக்கைப் பிரிவும் மேற்கத்திய வார்ப்புதான்.

மேலும் படிக்க எங்கே தொடங்குவது?

நகானோ பள்ளி 1945 ஆகஸ்டில் தன் ஆவணங்களை எரித்துவிட்டதால், பட்டதாரிகளின் நினைவுக் குறிப்புகளை மட்டும் நம்பினால் ஒருபக்கக் கதையே கிடைக்கும். ஒகினாவா நகராட்சி, கிராம வரலாறுகளில் தொகுத்த சாட்சியங்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நொபோரிதோ ஆய்வுக்கூடத்தின் ஒரு கட்டடம் மெய்ஜி பல்கலைக்கழகத்தின் இகுதா வளாகத்தில் 2010 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையதளத்தில் இராணுவக் கோப்புகளைப் பணம் கட்டாமல் பார்க்கலாம். அங்கே ‘கெரில்லா’ என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். தங்கள் படைகளுக்கு ‘யூகெகி’ என்றும் எதிரிக்கு ‘கொள்ளையர்’ என்று பொருள்படும் ‘ஹிசோகு’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.